டோக்கன் ஜன்னல்

மண்டபம் வடக்குத் துறையில்
காலை ஐந்தரைக்கு ஜன்னலைத் திறப்பேன்.
படகு நம்பர், எத்தனை ஆள், டீசல் எவ்வளவு,
எழுதி, ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.
சீட்டில்லாமல் போனால் திரும்பும்போது பிரச்சினை.
சீட்டோடு போனாலும் சில நாள் பிரச்சினைதான்,
அது வேறு கதை.

சீட்டுக் கொடுப்பவள் நான்.
எனக்கு ஒருவன் சீட்டுக் கொடுத்தால்
எனக்குத் தெரிய வேண்டாமா?
தெரியவில்லை.

காற்று பார்க்கிற தளத்துக்குள் நுழைந்த அன்றே
அது என் போனில் ஒன்றைச் செருகிவிட்டது.
குக்கீயாம்.
ஏதோ பிஸ்கட் சமாச்சாரம் என்றிருந்தேன்.
மறுநாள் போனால்
மண்டபம், தமிழ், காற்று கிலோமீட்டரில் என்று
கேட்காமலே எடுத்து வைக்கிறது.
நல்ல பழக்கம்தான்.
டீக்கடை மைதீன்பிச்சையும் இப்படித்தான்,
சீனி கம்மி என்று நான் சொல்லிப் பல வருஷம்.

ஆனால் அந்தக் கடை பெஞ்சில்
இன்னும் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
நான் கூப்பிடாதவர்கள்.
ஆளுக்கொரு சீட்டை என் பையில் போட்டுவிட்டு,
நான் சேலைக் கடைக்குப் போனால்
அங்கேயும் முன்கூட்டியே உட்கார்ந்து
அவள்தான்
என்று ஒருவருக்கொருவர் தலையசைத்தார்கள்.

மாசியில் ஒரு ராத்திரி
கதவைச் சாத்திக்கொண்டு
காது மெஷின் விலை தேடினேன்.
இடது காது.
பதினொரு வருஷம் இஞ்சின் சத்தத்துக்கு
முகம் கொடுத்து உட்கார்ந்ததன் வட்டி.
பங்குனியில் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும்,
யாரிடம் சொல்வேன்?

வியாழக்கிழமை காற்று வலுத்தது.
டோக்கன் கிடையாது என்றேன்.
சவேரியடிமை நம்பவில்லை.
போனைத் திருப்பிக் காட்டினேன்.
மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர்.
அதற்குக் கீழே, காற்றைவிடப் பெரிய எழுத்தில்,
'காது கேட்கவில்லையா? இன்றே இலவசப் பரிசோதனை!'
அவர் வாய்விட்டுப் படித்தார்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள் என்று நினைக்கிறேன்.
எந்தப் பக்கமிருந்து என்று பிடிபடவில்லை.

அன்றிரவு அமைப்புகளுக்குள் இறங்கினேன்.
எல்லாம் ஏற்கிறேன் என்ற பொத்தான்
இத்தனை நாளும் நீலமாய்
கட்டைவிரல் படுகிற இடத்திலேயே கிடந்தது.
வேண்டாம் என்பது மூன்று திரை தாண்டி,
சாம்பல் நிறத்தில் ஒரு பொடி வரி.
கண்ணாடி போட்டுத்தான் கண்டுபிடித்தேன்.
தளத்தின் சொந்தச் சீட்டு இனிமேல் இருக்கலாம்.
வெளியாட்கள் சீட்டுக்குத் தடை.
பழையதெல்லாம் அழி.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஒரே காலையில் நான்கூட
அத்தனை கிழித்ததில்லை.

போனது என் கையிலிருந்த பாதிதான்.
எழுதிக்கொண்டவன் நோட்டு
எந்த ஊர் அலமாரியில் இருக்கிறதோ.
என் அடிக்கட்டைகள் மட்டும் என்னவாம்.
எவன் எத்தனை மணிக்குக் கடலேறினான் என்பது
படகு உடைந்து அடுப்புக்குப் போன பிறகும்
ராமநாதபுரம் ஆபீஸில் மூட்டையாய்க் கிடக்கிறது.
கொடுத்தவள் நான்,
அன்றைக்குத்தான் அந்த மூட்டை
ஞாபகத்துக்கு வந்தது.

விடிந்ததும் தளம் கேட்டது:
உங்கள் ஊர் எது?
முன்பின் தெரியாதவளிடம் கேட்கிற மரியாதையோடு.
கொஞ்ச நேரம் காக்க வைத்துத்தான் சொன்னேன்.

காற்று இறங்கியிருந்தது.
வரிசையில் மூன்றாவது ஆள் சவேரியடிமை.
எப்போதும் என் இடது கைப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஊரே எழும்பக் கத்துகிறவர்.
அன்றைக்கு ஒன்றும் பேசாமல்
ஜன்னலைச் சுற்றி வந்து
வலப்பக்கம் நின்றார்.
ஆறு பேர், என்றார், மெதுவாக.

கேட்டது.
எழுதிக் கிழித்தேன்.